துணிக்கு அந்தப் பக்கம்

போன வாரம் கதையில் உங்களை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே நிற்க வைத்துவிட்டுப் போய்விட்டேன். கால் கடுத்திருக்கும். உட்காருங்கள், கண்ணுகளா. முதலில் நல்ல சேதியைச் சொல்லிவிடுகிறேன். வாண்டு பிழைத்துக்கொண்டாள். மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள். பால் வேண்டும் என்று அழுதாளாம், நர்ஸிடம் கதை கேட்டாளாம். சாயங்காலம் அழைத்துப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பிள்ளை தேறிவிட்டது. வீடுதான் தேறவில்லை.

புதிதாக வந்து உட்கார்ந்தவர்களுக்காக நடந்ததைச் சுருக்கிச் சொல்கிறேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவருக்கு வாடகை மண்டபத்தில் விருந்து வைத்தார்கள். அவருக்கு இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், பேத்தி என்று வாண்டு ஒருத்திதான். வாண்டுக்கு முந்திரி ஆகாது. ஒரு துணுக்கு உள்ளே போனாலும் உதடு வீங்கி மூச்சு அடைத்துவிடும். அதற்காகவே அன்று இரண்டு கேக் வந்தன. வெள்ளைப் பூ வைத்ததில் முந்திரிப் பொடி உண்டு, அது பெரியவர்களுக்கு. மஞ்சள் பூ வைத்தது வாண்டுக்கு. இரண்டையும் செய்தவள் சின்ன மருமகள். பேக்கரியில் கேக்குகளுக்கு க்ரீம் பூ வைப்பதுதான் அவள் வேலை. மஞ்சள் பூ மட்டும்தான் பிள்ளைக்கு என்று வீட்டில் ஒவ்வொருவர் காதிலும் ஓதியிருந்தாள்.

அப்படியும் யாரோ ஒருவர் வெள்ளைப் பூ கேக்கை வாண்டின் வாயில் ஊட்டிவிட்டார். யார் என்று கேட்டால் ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள்.

இன்று மத்தியானம் பெரிய மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாமும் டீச்சர் என்றே சொல்வோம். பிள்ளை பக்கத்தில் புருஷனை உட்கார வைத்துவிட்டு, தான் ஒரு முழுக்குப் போட்டு வாண்டுக்கு மாற்றுத்துணி எடுத்துப் போக வந்தவள். குளிக்கவில்லை. செருப்பைக்கூடக் கழற்றவில்லை. ஹாலில் நின்றபடியே கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"தம்பி, அன்னைக்கு மண்டபத்து மூலையில உங்க கேமரா ஓடிட்டே இருந்துச்சே. அதைப் போடுங்க. பார்த்துட்டுத்தான் என் பிள்ளையை இந்த வீட்டுக்குக் கூட்டிட்டு வருவேன்."

சொல்லும்போது அவள் சின்னவளைப் பார்க்கவில்லை. மற்ற எல்லோரும் பார்த்தார்கள்.

சின்னவளுக்குக் கல்யாணமாகி வருஷங்கள் ஓடிவிட்டன, மடி நிறையவில்லை. அது அவள் குற்றமா, அவன் குற்றமா, யார் குற்றமும் இல்லையா, டாக்டருக்கே தெரியாது. ஆனால் வாண்டு மயங்கி விழுந்த நாளிலிருந்து மாமியார் அடுப்படியில் பாத்திரங்களோடு பேச ஆரம்பித்திருந்தார். கண் பட்டது போதாதென்று கையும் பட்டுவிட்டதோ என்று வாணலியிடம் கேட்பார். வாணலி பதில் சொல்லாது. பக்கத்தில் நின்று காய் நறுக்கும் சின்னவளும் சொல்லமாட்டாள்.

டீச்சர் வாணலியிடம் பேசுகிற ரகம் இல்லை. நேராகவே போட்டு உடைத்தாள். எந்தக் கேக்கில் என்ன இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவள் இந்த வீட்டில் ஒருத்திதான். படத்தில் இருப்பது அவள் கை என்றால், ஒன்று இந்த வீட்டில் அவள் இருக்கட்டும், இல்லையென்றால் நானும் பிள்ளையும் இருக்கிறோம். இரண்டும் சேர்ந்து ஒரு கூரைக்குக் கீழ் நடக்காது.

சின்னவள் கையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள்.

"போடுங்க. உங்க எல்லாரையும்விட எனக்குத்தான் அதைப் பார்க்கணும்."

கிரேன்காரர்தான் வேண்டாம் என்றார். பிள்ளை பிழைத்துக்கொண்டது, இனி எதற்கு அதைக் கிளறுவது என்று நாற்காலியில் சாய்ந்தபடி முனகினார். அவர் மனைவி, அதாவது மாமியார், எல்லாவற்றுக்கும் விடு விடு என்று சொல்லித்தான் இந்த வீடு இப்படி ஆனது என்று அவர் வாயை அடைத்துவிட்டார்.

சின்னவன் சவுண்டு சர்வீஸ் வைத்திருப்பவன். மைக், விளக்கு, புரொஜெக்டர் எல்லாம் வாடகைக்கு விடுவான். ஊருக்கெல்லாம் படம் காட்டுகிறவன் வீட்டில் டிவி பழுதாகி, திறந்த வயிற்றோடு அவன் கடையிலேயே கிடந்தது. மண்டபத்தில் ஓடியது பழைய டேப் கேமரா. அதிலிருக்கும் சின்னத் திரையும் செத்துப் போயிருந்தது. ஆக, புரொஜெக்டரைத்தான் கொண்டு வர வேண்டும் என்றானது.

கொண்டு வந்தான். எங்கே வைப்பது? ஹாலில் ஒரு பக்கம் சோபா, ஒரு பக்கம் அலமாரி, ஒரு பக்கம் ஜன்னல். வெறும் சுவர் என்று ஒரு முழம் கிடையாது. புரொஜெக்டர் தள்ளி நின்றால்தான் படமும் பெரிதாக விழும். ஹாலுக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவே கதவில்லாத பெரிய வாசல் ஒன்று இருந்தது. அதில் மாமியாரின் வெள்ளைப் படுக்கை விரிப்பைத் துணி கிளிப் போட்டுக் கட்டினான். புரொஜெக்டரைச் சாப்பாட்டு மேஜையில் வைத்தான். அவனும் கருவிகளும் துணிக்கு அந்தப் பக்கம். குடும்பம் ஹாலில், துணிக்கு இந்தப் பக்கம். ஜன்னல் திரைகளை இழுத்துவிட்டதும் பட்டப்பகல் மங்கலாகிவிட்டது.

அதற்கப்புறம் ஒயர் படுத்திய பாடு இருக்கிறதே. கேமராவிலிருந்து வருவது மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று வால். புரொஜெக்டருக்கு இருப்பதோ ஒரே ஒரு தட்டையான வாய். நடுவில் தீப்பெட்டி அளவில் ஒரு மாற்றுப் பெட்டி வேண்டும். அதை வைத்தான், படம் இல்லை. அந்தப் பெட்டிக்கும் தனியாகக் கரண்டு கொடுக்க வேண்டும் என்பது நினைவுக்கு வந்து ஒரு போன் சார்ஜரைத் தேடினான். கொடுத்தான், படம் வந்தது, கறுப்பு வெள்ளையில் உருண்டது. மஞ்சள் வாலைப் பாதிதான் சொருகியிருந்தான். தினமும் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை, வீடே அவசரப்படுத்தினால் என்ன ஆகும் சொல்லுங்கள். இவ்வளவும் நடக்கும்போது புரொஜெக்டரைத் தன் பக்கத்து ஃப்ரிட்ஜ் கதவுக்குத் திருப்பி வைத்துத்தான் சோதித்துக்கொண்டிருந்தான். ஃப்ரிட்ஜ் கதவில் மண்டபம் நிறத்தோடு விழுந்த பிறகே அதைத் துணிப் பக்கம் திருப்பினான்.

"வருது," என்றான் அந்தப் பக்கத்திலிருந்து.

மண்டபம் துணி முழுக்க விரிந்தது. மேடை, நாற்காலிகள், யார் யாரோ வந்து கிரேன்காரரின் கையைக் குலுக்கினார்கள். அன்றுதான் முதல் தடவை போன மண்டபம். எது எந்தப் பக்கம் இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை. எல்லோர் கண்ணும் கேக் மேஜையைத்தான் தேடியது.

மாமியார் நடுவே தன்னைப் பார்த்துக்கொண்டார். போட்டோவில் தான் எப்போதும் யாரோ மாதிரி விழுவதாகவும், இதில்தான் கண்ணாடியில் பார்க்கிற முகமாக இருப்பதாகவும் மெதுவாகச் சொன்னார். அந்த நேரத்திலும் மனுஷிக்கு அது தோன்றியது.

கேக் வெட்டும் இடம் வந்தது. இங்கே ஒன்று சொல்ல வேண்டும். சின்னவள் இடதுகைக்காரி. மாமியார் வாயில் அவளுக்குப் பேரே பீச்சாங்கைதான். பீச்சாங்கை தண்ணி கொண்டா, பீச்சாங்கை கதவைச் சாத்து. கிரேன்காரர் மட்டும் அப்படிக் கூப்பிடமாட்டார். அவரோடு வேலை பார்த்த இடதுகைக்காரன் ஒருவன் போடும் முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியாது என்று அவளிடம் பெருமையாகச் சொல்வார். மண்டபத்துக்குப் போகும்போது மாமியார் கண்டித்துச் சொல்லியிருந்தார், நாலு பேர் பார்க்கிற இடத்தில் சோத்தாங்கையால் வெட்டு என்று. துணியில் தெரிந்த சின்னவள் கத்தியை இடது கையில் பிடித்து வெட்டிக்கொண்டிருந்தாள்.

மாமியார் அதைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு சொல்லியும் கேட்டாளா பார் என்றார்.

"இல்ல அத்தை. நான் சோத்தாங்கையாலதான் வெட்டினேன். துண்டெல்லாம் கோணலா விழுந்துச்சே, நீங்ககூடச் சிரிச்சீங்களே."

"கண்ணு முன்னாடி தெரியுது. அதையே இல்லைங்கிறவ வேற எதை ஒத்துக்குவா?"

சின்னவள் திரும்பித் துணியைப் பார்த்தாள். அங்கே இருப்பது அவள்தான். இடது கைதான். தன் நினைவு மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. இதைவிடக் கொடுமை உண்டா கண்ணுகளா?

படம் ஓடியது. கூட்டம் கலைந்து, தட்டுகளோடு ஆட்கள் நகர, ஓரத்தில் ஒரு தூண் தெரிந்தது. தூண் அருகே வாண்டு, அண்ணாந்து பார்த்தபடி. தூணுக்குப் பின்னாலிருந்து ஒரு கை நீண்டது. கை மட்டும்தான். முழங்கைக்கு மேல் தூண் மறைத்தது. விரல்களுக்குள் ஒரு துண்டு கேக். வாண்டு வாயைத் திறந்தாள்.

"நிறுத்துங்க," என்றாள் டீச்சர்.

படம் நின்றது. பழைய டேப், நின்ற படம் கோடு கோடாக நடுங்கியது. டீச்சர் எழுந்து துணிக்குப் பக்கத்தில் போனாள். கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தன் இரண்டு கைகளையும் மாற்றி மாற்றி நீட்டிப் பார்த்தாள். கணக்கு டீச்சர் அல்லவா, சரிபார்க்காமல் பேசமாட்டாள்.

"பீச்சாங்கை," என்றாள்.

அந்த வீட்டில் அந்தச் சொல் ஒரு கையின் பெயர் மட்டுமா? ஒரு ஆளின் பெயரும்தானே.

போதாததற்கு அந்தக் கையில் ஆட்காட்டி விரல் மட்டும் மடங்காமல் விறைப்பாக நீண்டிருந்தது. க்ரீம் கலையாமல் பிடிக்கிற பேக்கரிக்காரப் பிடி இது என்றாள் டீச்சர். மாமியார் தலையில் கையை வைத்துக்கொண்டார். கிரேன்காரர் குனிந்தபடி உட்கார்ந்திருந்தார். அவருடைய வலது கை இடது உள்ளங்கைக்குக் கீழே மடியில் கிடந்தது.

சின்னவள் துணியைப் பார்த்து, துணிக்குப் பின்னால் இருப்பவனிடம் கேட்டாள்.

"என்னங்க. நீங்க சொல்லுங்க. அது என் கையா?"

புரொஜெக்டரின் காற்றாடி மட்டும் சுழன்றுகொண்டிருந்தது. அந்தப் பக்கத்திலிருந்து அவன் குரல் வந்தது.

"எனக்குச் சரியாத் தெரியல."

இத்தனை வருஷம் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கியவன்.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகவே சொல்கிறேன், விரிவாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. டீச்சர் வண்டிக்குப் போன் பண்ணினாள். தான் பிள்ளையோடு திரும்பும்போது இவள் இங்கே இருக்கக் கூடாது என்றாள். மாமியார், கோபம் ஆறுகிற வரைக்கும் உங்கள் அம்மா வீட்டில் போய் இரு என்றார். எதையும் தீர விசாரிக்க வேண்டாமா என்று சின்னவள் கேட்டதற்கு, "கண்ணாலயே பார்த்தாச்சு, இனி என்னத்தை விசாரிக்கிறது?" என்று முடித்துவிட்டார்.

அவளுடைய அறை சாப்பாட்டு அறையைத் தாண்டி இருந்தது. விரிப்பின் ஓரத்தைத் தூக்கி, குனிந்து அந்தப் பக்கம் போனாள். புருஷன் மேஜைக்குப் பின்னால் ஒயர்களைப் பார்த்தபடி இருந்தான். அவள் நிற்கவில்லை.

பையில் துணிகளை அடுக்கும்போது அவள் மனசு புருஷனிடம் போகவில்லை, அழவும் இல்லை. கேக்கிலேயே நின்றது. சோத்தாங்கையால்தான் வெட்டினேன். கத்தி வழுக்கியது. மூன்றாவது துண்டு சரிந்து விழுந்தது. வேலை செய்கிற கை பொய் சொல்லாது. அப்படியென்றால் படம் எப்படிப் பொய் சொல்லும்?

பையோடு வெளியே வந்தாள். துணியில் இன்னும் அந்தக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாள்.

வலது கை.

பையைக் கீழே வைத்துவிட்டு, விரிப்பைத் தூக்கித் தலையை மட்டும் அந்தப் பக்கம் நீட்டினாள். இடது கை. தலையை இழுத்துக்கொண்டாள். வலது கை. ஹாலில் இருந்தவர்கள் அவள் அழுகிறாள் என்று நினைத்திருப்பார்கள்.

இதில் மாயம் ஒன்றும் இல்லை கண்ணுகளா. மெல்லிய துணியில் எழுதிப் பின்னாலிருந்து பாருங்கள், எழுத்து திரும்பியிருக்கும். படமும் அப்படித்தான். விருந்துகளில் ஒயர் காலில் தட்டாமல் இருக்கச் சின்னவன் புரொஜெக்டரைத் திரைக்குப் பின்னால்தான் ஒளித்து வைப்பான். வைத்தால் முதல் காரியமாகப் படத்தை இடம் வலமாகத் திருப்பிவிடுவான். அதற்கென்றே கருவிக்குள் ஒரு வசதி உண்டு. அன்றாடம் செய்வது, இன்று மறந்துவிட்டான். படத்தில் ஓர் எழுத்து இருந்திருந்தாலும் ஹாலில் இருந்தவர்களுக்குப் புரிந்திருக்கும். எழுத்து இல்லை, மனிதர்கள்தான் இருந்தார்கள்.

"திருப்ப மறந்துட்டீங்க," என்றாள் மெதுவாக.

"ஆமா."

"மறந்தது சரி. அவங்க பீச்சாங்கைன்னு சொன்னப்போ, உங்களுக்குச் சோத்தாங்கை தெரிஞ்சுச்சு இல்ல?"

அவன் ஒயர்ப் பக்கம் குனிந்தான். அவள் மறுபடி துணியைப் பார்த்தாள். இப்போதுதான் அந்த விரல் அவளுக்குப் பிடிபட்டது. மடங்காத ஆட்காட்டி விரல். வலது கையில். துறைமுகத்தில் கிரேன் சங்கிலியில் நசுங்கி, மூட்டு விறைத்துப்போன விரல். அந்த விரலோடுதான் ஒருவர் தினமும் காலையில் அவளிடம் காபி டம்ளரை வாங்குவார்.

"மாமா," என்றாள்.

"மெதுவா பேசு." அவன் குரல் கெஞ்சியது. அண்ணனுக்குத் தெரிந்தால் அப்பாவை உயிரோடு விடமாட்டான் என்றான். அம்மா ஒரு வார்த்தை சொன்னால் அப்பா அன்றே படுத்துவிடுவார் என்றான். நீ தைரியசாலி, நீ தாங்குவாய், கொஞ்ச நாளில் நானே வந்து அழைத்துக்கொள்கிறேன், அதற்குள் எல்லாம் மறந்துவிடும் என்றான். ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனான். எல்லாவற்றுக்கும் கணக்குப் போட்டு வைத்திருந்தான், அவளைத் தவிர.

சின்னவள் கேமராவைத் தன் பக்கம் இழுத்தாள். டேப்பைப் பின்னால் ஓட்டினாள். கேக் வெட்டும் இடத்தில் நிறுத்தினாள். பிறகு விரிப்பின் ஒரு பக்கத்துக் கிளிப்பைக் கழற்றி, வழி விட்டாள்.

"அத்தை, அக்கா, ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் வாங்க. இங்கிருந்து பாருங்க."

டீச்சர் வந்தாள். மாமியார் வந்தார். கிரேன்காரர் நாற்காலியை விட்டு எழுந்தார், ஆனால் துணி கட்டிய வாசலோடு நின்றுவிட்டார். அவருக்குப் பக்கத்தில் படம் தெரிந்தது. சின்னவள் சோத்தாங்கையால் கேக்கை வெட்டிக்கொண்டிருந்தாள், துண்டு கோணலாகச் சரிந்தபடி நின்றது. படத்தில் மாமாவின் சட்டைப் பை எந்தப் பக்கம் இருக்கிறது பாருங்கள் என்றாள் சின்னவள். இடது பக்கம்தான், இருக்க வேண்டிய இடத்தில். இனி ஹால் பக்கம் போய்ப் பாருங்கள் என்றாள். டீச்சர் போனாள். திரும்பி வந்தாள். அவளுக்கு ஒரே பார்வையில் எல்லாம் புரிந்துவிட்டது. போட்ட கணக்கு வரி வரியாகச் சரி, எடுத்துக்கொண்ட முதல் எண்ணே தப்பு.

"அப்போ அது சோத்தாங்கை," என்றாள் டீச்சர்.

"ஆமாக்கா."

"மேல ஓட்டு. அந்த இடத்தைப் போடு. இங்கேயிருந்து பார்க்கிறேன்."

சின்னவள் பொத்தான் மேல் விரலை வைத்தாள், அழுத்தவில்லை. தன் பெயர் துடைபட்டாயிற்று. இதை அழுத்தினால் இன்னொருவர் பெயர். பக்கத்தில் புருஷன் மாற்றுப் பெட்டியின் ஒயரைப் பிடித்தபடி இருந்தான், இழுத்துவிடுகிறவன் மாதிரி.

"போட வேண்டாம்மா," என்றார் கிரேன்காரர் வாசலிலிருந்து. "அது என் கை."

அப்புறம் அவர் சொன்னது இவ்வளவுதான். சர்க்கரை வியாதி என்று வீட்டில் இனிப்பைக் கண்ணில் காட்டமாட்டார்கள். தனக்காக வெட்டிய கேக், தனக்கு ஒரு வாய் இல்லை. தூணுக்குப் பின்னால் நின்று ஒரு துண்டை எடுத்தார். முதலில் பூவைத்தான் வாயில் போட்டார், அவருக்கு க்ரீம் என்றால் உயிர். வெள்ளைப் பூவா மஞ்சள் பூவா, பார்க்கவில்லை. அதற்குள் வாண்டு வந்து, பாட்டியிடம் சொல்லிவிடுவேன் என்று விரலை ஆட்டினாள். வாயை அடைக்கப் பூ இல்லாத மீதித் துண்டைக் கொடுத்தார்.

"பீச்சாங்கைன்னு நீங்க சொன்னப்போ," என்றார், "ஒரு நிமிஷம் நானே நம்பிட்டேன், அது என் கை இல்லைன்னு."

மாமியார் சாப்பாட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவருக்கு அழுகை வந்தது, யார் மேல் அழுவது என்றுதான் தெரியவில்லை.

டீச்சர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எல்லோருக்கும் கொஞ்சம் மூச்சு விட முடிந்திருக்கும்.

"ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டார், பிள்ளை என்ன சாப்பிட்டுச்சுன்னு. நீங்க என் பக்கத்துலதான் நின்னீங்க, மாமா. எனக்குத் தெரியாதுன்னு நான் சொன்னேன். நீங்களும் கேட்டுட்டு நின்னீங்க."

டீச்சர் வாண்டின் துணிகளை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

மாமியார்தான் முதலில் சுதாரித்தார். பெரியவர்கள் தப்பு செய்தால் மன்னிப்புக் கேட்கமாட்டார்கள், வேலை சொல்வார்கள்.

"பையை உள்ள வைம்மா. உலையை வை. பிள்ளை வரும்." அவளை அவர் பீச்சாங்கை என்று சொல்லாமல் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

சின்னவன் வேகமாக வந்து பையைத் தூக்கக் குனிந்தான். அவன் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எல்லாம் முடிந்தது, தான் எதுவும் சொல்லாமலே முடிந்தது. அவள் அவனுக்கு முன் பையை எடுத்துக்கொண்டாள்.

"அதான் சரியாப்போச்சே," என்றான்.

"அவங்க அந்தப் பக்கம் உக்காந்து தப்பாப் பார்த்தாங்க. எனக்கு அவங்க மேல வருத்தம்தான், ஆனா கோபம் இல்ல." அவனை நேராகப் பார்த்தாள். "நீங்க சரியான பக்கம் உக்காந்திருந்தீங்க."

அவன் கை நீட்டியது நீட்டியபடி நின்றது. பின்னால் துணியில் படம் தானாக ஓட ஆரம்பித்திருந்தது. பழைய கேமரா, வெகுநேரம் நிறுத்தி வைத்தால் அப்படித்தான். யாரும் அணைக்கவில்லை.

அவள் மாமியாரிடம் உலையை நீங்களே வையுங்கள் என்று சொல்லவில்லை, மாமாவிடம் போய்வருகிறேன் என்று சொல்லவில்லை. ஹாலைத் தாண்டி, செருப்பை மாட்டி, தெருவுக்கு வந்தாள். அம்மா வீட்டுக்குப் போகிற எண்ணம் அவளுக்கு இல்லை. பின் எங்கே என்றும் தெரியவில்லை.

வண்டி இன்னும் கிளம்பவில்லை. டீச்சர் பின் இருக்கையில், வாண்டின் துணிகளை மடியில் அழுத்திப் பிடித்தபடி இருந்தாள். சின்னவளைப் பார்த்தாள், பையைப் பார்த்தாள். எட்டி, அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டாள்.

"ஏறு," என்றாள்.

சின்னவள் வெயிலில் நின்றாள். கதவு திறந்தபடியே இருந்தது. கடைசியில் ஏறினாள். நடுவில் பையை வைத்தாள். ஆளுக்கு ஒரு ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கே போக வேண்டும் என்று டிரைவர் கேட்டார். ஆஸ்பத்திரிக்கு என்றாள் டீச்சர். ஒரு பிள்ளையை ஏற்றிக்கொள்ள வேண்டும், கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கும் என்றாள்.

"அங்கேயிருந்து திரும்ப இங்கதானேம்மா?"

வீட்டு ஜன்னலில் திரை அசைந்தது. யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"அதை அப்புறம் சொல்றோம்," என்றாள்.

சொல்றேன் என்று சொல்லவில்லை. சொல்றோம் என்றாள். சின்னவள் ஜன்னலிலிருந்து தலையைத் திருப்பினாள். வண்டி நகர்ந்தது.